இடப்பக்கத்து முடிச்சு

ஜெயமேரிக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. ஒண்டிக்கடையில் ஊசி விற்கும் பெருமாள் மேல் அறவே கிடையாது. முன்பெல்லாம் ஊசிக் காது ஒழுங்காக இருந்ததாம், இப்போது மட்டமான சரக்கை வாங்கி வந்து தன் தலையில் கட்டுகிறானாம். பல்பு விற்றவனும் ஏமாற்றிவிட்டான், வெளிச்சம் பத்தவில்லை. போதாக்குறைக்கு ஏற்காட்டுப் பனி வேறு யாரையும் கேட்காமல் வீட்டுக்குள் வருகிறது.

மாதா கோயிலில் கல்யாணம் என்றால் மணப்பெண்ணின் முக்காடு ஜெயமேரி கையால்தான் தைத்தாக வேண்டும். மெல்லிய வெள்ளை நெட் துணி, ஓரம் முழுக்க லேஸ் கரை, அதற்கு மேலே லேஸில் வெட்டிய பூக்கள். ஒவ்வொரு பூவையும் வைத்து, இதழ் பிசகாமல் பொடித் தையல் போட வேண்டும். மெஷினில் விட்டால் நெட் சுருங்கிவிடும். கணவன் போன பிறகு மகனை வளர்த்தது இந்தக் கைதான், ஊரில் நாலு பேர் நின்று பேசியதும் இந்தக் கைக்காகத்தான். அந்தப் பெயர் போனால் தன்னிடம் வேறென்ன இருக்கிறது என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

இப்போது கையில் இருந்தது எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் தேவசிகாமணி மகளின் முக்காடு. அடுத்த வாரம் கல்யாணம். வெள்ளிக்கிழமை காலையில் முந்தின நாள் தைத்த பூவை விரலால் தடவியவள் அப்படியே நின்றாள். பூவை முடித்து அவள் போடும் முடிச்சு எப்போதும் வலப்பக்கம்தான் விழும். இது இடப்பக்கம் இருந்தது. அடுத்த பூவைத் தடவினாள். அதுவும் இடப்பக்கம்.

வீட்டில் இடக்கையால் தைக்கும் நொட்டாங்கைக்காரி ஒருத்திதான் உண்டு. மருமகள் ஷெர்லின். பக்கத்து அறையில் மெஷினில் ரவிக்கை தைப்பவள், அதிகம் பேசாதவள். பேசாதவளை ஜெயமேரி எப்போதுமே நம்பியதில்லை. என் வேலையைக் கெடுக்கிறாள், கெடுத்து என் பெயரை இறக்கிவிட்டு இவள் ஏறி உட்காரப் பார்க்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டாள். மகனிடம் சொல்லவில்லை. ஜீப் ஓட்டிக் களைத்து வருகிறவன் பெண்டாட்டி பக்கம்தான் பேசுவான்.

கையும் களவுமாகப் பிடிப்பதென்று ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பினாள். ஷெர்லின் விடியற்காலைப் பூசைக்கே போய் வந்துவிட்டாள். சாமியார் பிரசங்கம் தொடங்கியதும் ஜெயமேரி இருமிக்கொண்டே எழுந்தாள். பக்கத்தில் இருந்த இளவரசி, "ஏனுங்கக்கா, மேலுக்கு முடியலீங்களா?" என்று கேட்டதற்கு, இவளுக்கு எதற்கு இத்தனை அக்கறை என்று அவளையும் ஒரு முறை முறைத்துவிட்டு வந்தாள்.

வீட்டு வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தபோது ஷெர்லின் முக்காட்டை மடியில் போட்டுப் பூ ஒன்றின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, அடுத்தவ ஊட்டுக் கல்யாணத்தக் கெடுக்கவா பாக்கற?"

ஷெர்லின் திடுக்கிட்டாள். எழுந்து ஓடவில்லை, அழவும் இல்லை. மாமியாரின் கையைப் பிடித்து, இன்னும் பிரிக்காத ஒரு பூவின் மேல் வைத்தாள்.

"கோவிச்சுக்காதீங்க அத்தை. இது நீங்க தெச்சது. தடவிப் பாருங்க."

நெட் துணி மடிந்து, மடிப்போடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது. இரண்டு இதழ்களில் தையலே இல்லை. நூல் பூவை விட்டு விலகி வெறும் நெட்டில் ஓடியிருந்தது. ஷெர்லின் அவள் விரலைப் பக்கத்துப் பூவுக்கு நகர்த்தினாள். அது துணியோடு துணியாகப் படிந்திருந்தது. முடிச்சு இடப்பக்கம்.

ஜெயமேரி உட்கார்ந்துவிட்டாள். ஊசியும் பல்பும் பனியும் ஒரு பாவமும் செய்யவில்லை, மங்கியது தன் கண்தான் என்று புரிந்தபோது அவளுக்கு அவமானத்தைவிடப் பயம்தான் அதிகமாக வந்தது.

"எத்தன நாளா இது?"

ஷெர்லின் தயங்கினாள். "எங்க கல்யாண முக்காட்டுல இருந்துங்க அத்தை. கல்யாணத்துக்கு மொத நாளு எங்க ஊட்டுக்குக் குடுத்து உட்டீங்கல்ல, அன்னிக்கே பிரிச்சுத் தெச்சுட்டேன். நீங்க அந்த முக்காட்டப் பத்தி நொம்ப ஆசையாச் சொல்லிட்டு இருந்தீங்க, தப்பா இருக்கறத நாலு பேரு பாத்தா உங்களத்தானே கொற பேசுவாங்கன்னுதான்."

அந்தக் கல்யாணத்தில் கோயில் வாசலில் நின்று, பெண் சுமார்தான், என் முக்காடுதான் காப்பாற்றியது என்று வந்தவர்களிடமெல்லாம் ஜெயமேரி சொல்லிக்கொண்டிருந்தாள். பெண் காதில் விழட்டும் என்றே சொன்னாள்.

"யாருகிட்டயெல்லாம் சொன்ன? என் மவனுக்குத் தெரியுமா?"

"அவருக்குக் கூடத் தெரியாதுங்க அத்தை."

யார் எதைச் சொன்னாலும் முகத்தைப் பார்த்துப் பொய்யா மெய்யா என்று எடை போடுவது ஜெயமேரியின் வழக்கம். ஷெர்லினின் தாடையைப் பிடித்து இழுத்து, கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். அத்தனை கிட்டத்தில் அந்த முகம் கலங்கலாகத்தான் தெரிந்தது. வெகு நேரம் பார்த்தாள். பிறகு, வேறு வழியில்லாமல், அவள் சொன்னதை நம்பினாள்.