முன்கூட்டி எதையும் வாங்காத வீடு

எங்கள் வீட்டில் கிழிப்பதற்கு ஒரு பழைய வேட்டி இல்லை. இது எனக்குத் தெரிய வந்தபோது என் மகளுக்கு எட்டாம் மாதத்திலேயே குழந்தை பிறந்துவிட்டிருந்தது. ஜங்ஷன் பக்கத்து மருத்துவமனையில் குழந்தையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். "துவைச்சுக் காயவச்ச பழைய பருத்தித் துணியா கொண்டாங்க சார், புதுசு வேண்டாம், தோலு தாங்காது" என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தார். தச்சநல்லூர் வீட்டுக்கு ஓடி வந்து பீரோவின் இரண்டு கதவுகளையும் திறந்துபோட்டு நின்றேன். கல்யாண வீடுகளில் வைத்துக் கொடுத்த சரிகை வேட்டிகள் அட்டையோடு அடுக்கியிருந்தன. ஒன்றை விரித்தேன், காகிதம் போல மொடமொடவென்றிருந்தது. மனைவியின் சேலைகளைத் தொட்டால் விரல் வழுக்கியது. நான் அலுவலகத்துக்குப் பேன்ட் போடுகிறவன், வீட்டில் கைலி. அப்பாவின் வேட்டிகளை அவர் காலமான பிறகு யார் யாருக்கோ கொடுத்துவிட்டோம். பீரோ கொள்ளாத துணி இருந்தும் பச்சைப்பிள்ளையின் மேல் போட ஒரு துண்டு இல்லை.

புதுத்துணியும் இல்லாமல் போனதற்குக் காரணம் நான்தான். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள், தினமும் சாயங்காலம் போனைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் உட்காருவாள். முதலில் தொட்டில், குளிப்பாட்டும் தொட்டி, கொசுவலை வைத்த மெத்தை என்று காட்டினாள். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்ததால் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு வந்தாள். கடைசியில், "சுத்திப் போடத் துணி, ஒரு துண்டு, ஒரு குல்லா. அவ்வளவுதாம்ப்பா. இது கூட இல்லாம எப்படி?" என்றாள்.

"பொறக்கட்டும்ட்டி. டவுண்ல கடையா இல்ல? போய் ஒரு நொடியில வாங்கிட்டு வந்திருவேன்."

"சரி. பிள்ளை வந்து, 'என்னவே தாத்தா, வெறுங்கையோட நிக்கீரு'ன்னு கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும், பாத்துக்கிடுங்க."

அவள் சிரித்தாள். என் மனைவியும் சிரித்தாள். நானும் சிரித்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல. பிறக்கும் முன்னால் குழந்தைக்கென்று எதுவும் வாங்க மாட்டார்கள். பிறந்ததும் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றுவார்கள். முதல் சட்டையைக்கூட, நல்லபடியாக வளர்கிற பிள்ளை இருக்கும் வீட்டிலிருந்து கேட்டு வாங்கித்தான் போடுவார்கள். புதுச்சட்டை பேர் வைக்கிற அன்றைக்குத்தான். படித்தவன் என்ற முறையில் இதற்கு நான் காரணங்கள் சொல்லுவேன், சொல்லியும் இருக்கிறேன். பழைய துணி உறுத்தாது, வீண் செலவு இல்லை, அத்தியாவசியம் எதுவென்று பிள்ளை வந்த பிறகுதான் தெரியும் என்றெல்லாம். ஆனால் என் பயம் அந்தக் காரணங்களிலிருந்து வந்ததில்லை. அது என் அக்காவிடமிருந்து வந்தது.

அக்கா என்னைவிட மூத்தவள். திசையன்விளையில் கட்டிக் கொடுத்திருந்தோம். தலைப்பிரசவத்துக்கு அவள், டவுணில் அப்போது நாங்கள் இருந்த வீட்டுக்கு வந்தபோது நான் கல்லூரியில் சேர்ந்திருந்தேன். ஒருநாள் சாயங்காலம், கோயிலுக்குப் போகிறோம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு ரதவீதியில் ஒரு துணிக்கடைக்குள் நுழைந்தாள். கடைக்காரர் எடுத்துப் போட்ட சின்னச் சட்டைகளை ஒவ்வொன்றாகத் தன் வயிற்றின் மேல் வைத்து அளவு பார்த்தாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. யாராவது பார்க்கிறார்களா என்று தெருவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அவள் யாரையும் பார்க்கவில்லை. மஞ்சளில் ஒன்று, வெள்ளையில் பச்சைப் புள்ளி போட்டது ஒன்று, லேஸ் வைத்த கவுன் ஒன்று. "பையன்னா கவுனை என்ன செய்ய?" என்றேன். "போட்டு அழகு பாத்துட்டுக் கழத்திருவேன். அவனுக்குத் தெரியவா போவுது?" என்றாள். வெளியே வந்ததும் என் காதைப் பிடித்துத் திருகினாள். "ஏலே, அம்மைட்ட மூச்சு விட்ட, பல்லப் பேத்திருவேன்."

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. குழந்தை மாதம் நிறைந்துதான் பிறந்தது. அழவில்லை. அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புவதற்குள் அவள் படுக்கையை மாற்றிப் போடப் போன அம்மா, தலையணைக்கு அடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஒரே ஒரு சொல் சொன்னாள்: "அதான்."

அக்காவை யாரும் திட்டவில்லை. அம்மா அவளுக்குப் பார்த்துப் பார்த்துத்தான் செய்தாள். ஆனால் அந்தச் சொல் எப்படியோ சொந்தக்காரர்கள் வீடு வீடாகப் போனது. அக்காவுக்கும் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு அவளுக்குக் குழந்தை தங்கவில்லை. பிள்ளைகளைத் தொடாதே என்று அவளிடம் யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை, அவளாகவே ஒதுங்கிக்கொண்டாள். பேர் வைக்கிற வீடுகளில் அடுப்படியிலேயே நின்றுகொள்வாள். என் மகள் பிறந்தபோதும் வாசலில் நின்றபடியே, "மூக்கு நம்ம அப்பாவுக்குள்ளது" என்று சொல்லிவிட்டுப் போனாள். மகளுக்கு நடை வந்து, அவளாக ஓடிப்போய் அத்தையின் கால்களைக் கட்டிக்கொண்டபோதுதான் அக்கா அவளை முதன்முதலாகத் தூக்கினாள்.

பீரோவின் முன்னால் நின்ற அன்று எனக்குப் போன் செய்ததும் அக்காதான். அத்தான் ஓய்வு பெற்ற பிறகு இருவரும் டவுணுக்கே வந்துவிட்டார்கள். என் மனைவி மருத்துவமனையிலிருந்து அவளுக்குச் சொல்லியிருக்கிறாள்.

"துணி கொண்டு போனியாலே?"

"வீட்டுல ஒண்ணும் இல்லக்கா."

அந்தப் பக்கம் பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "நீ அங்கன போய் நில்லு. நான் வாரேன்" என்றாள்.

மருத்துவமனை வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கியவள் கையில் மஞ்சள் பை இருந்தது. அத்தான் இன்றைக்கும் வேட்டிதான் கட்டுகிறார். துவைத்துத் துவைத்து நூல் மெலிந்த அந்த வேட்டிகளையும் தன் பழைய பருத்திச் சேலைகளையும் சதுரம் சதுரமாகக் கிழித்து, இஸ்திரி போட்டு எடுத்து வந்திருந்தாள். பையில் இன்னும் சூடு இருந்தது. "உங்க அத்தான் வெளிய வர முடியாது. நல்லதா இருந்ததையெல்லாம் கிழிச்சாச்சு" என்றாள். சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். எட்டாம் மாதம் பிறந்தது தங்காது என்று சின்ன வயதில் கேட்டது ஒன்று என் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்ததால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பச்சிளம் குழந்தைகள் பிரிவின் கதவைத் திறந்து நர்ஸ் கை நீட்டினார். அக்கா பையை என்னிடம் தள்ளினாள். "நீ குடுலே. என் கை வேண்டாம்."

"யாராவது ஒருத்தர் குடுங்கம்மா, பிள்ளை நனைஞ்சு கிடக்கு" என்றார் நர்ஸ். நான் வாங்கிக் கொடுத்தேன். கதவு மூடிக்கொண்டது.

அந்தக் கதவுக்கு வெளியே, பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் நானும் அக்காவும் பல நாட்கள் உட்கார்ந்திருந்தோம். உள்ளே ஒரு மெஷின் விட்டு விட்டுக் கூவும். கூவும்போதெல்லாம் என் கை நாற்காலிப் பிடியை இறுக்கும். ஒன்றுமே வாங்காமல் இருந்தோம். ஒரு குல்லாகூட வாங்கவில்லை. ஆனாலும் இது நடந்துவிட்டது. அப்படியென்றால் அன்றைக்கு நடந்ததற்கு அந்த மூன்று சட்டைகள் என்ன செய்யும்? இதை அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று தினமும் நினைத்தேன். இத்தனை வருடம் கழித்து அதைச் சொன்னால், அவள் அடுப்படியில் நின்று கழித்த காலத்தை யார் திருப்பிக் கொடுப்பது? சொல்லவில்லை. அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாளா என்றும் தெரியவில்லை. தினமும் நனைந்த துணிகளை வாங்கிக்கொண்டு போவாள், மறுநாள் துவைத்து மடித்துக் கொண்டுவருவாள். என் கையில்தான் கொடுப்பாள்.

பேத்தி வீட்டுக்கு வந்துவிட்டாள். மூச்சு சீராக இருக்கிறது, எடை ஏறுகிறது, பயப்பட ஒன்றும் இல்லை என்கிறார் டாக்டர். எனக்குத்தான் இன்னும் சரியாகவில்லை. அவள் தூங்கினால் வயிறு ஏறி இறங்குகிறதா என்று குனிந்து பார்க்கிறேன். அலுவலகத்திலிருந்து இரண்டு தடவை போன் செய்கிறேன். "என்னப்பா, இருக்கா, நல்லா இருக்கா" என்று மகள் நான் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறாள்.

சென்ற வாரம் பேர் வைக்கத் துணி எடுக்க வேண்டியிருந்தது. "அத்தை போய் எடுக்கட்டும், இல்லன்னா அந்தக் கிழிச்ச வேட்டியோடயே பேர் வைங்க" என்று மகள் ஒரே பிடியாக நின்றாள். துணைக்கு மட்டும் வருகிறேன் என்று சொல்லித்தான் அக்கா வந்தாள். கடையில் எனக்கு எதிரே உள்ளங்கை அகலச் சட்டைகள் பரப்பியிருந்தன. எடுத்தவரை போதும், அத்தியாவசியத்துக்கு மேல் ஒன்றும் வேண்டாம் என்று நான் கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, தள்ளி நின்ற அக்காவின் குரல் கேட்டது.

"அண்ணாச்சி, அந்த ஊதா கவுனு பெருசுல இருக்கா?"

"எந்த வயசுக்குத் தாயி?"

"நடக்கிற பிள்ளைக்கு."

"பிள்ளை நடக்குதாக்கும்?"

"இன்னும் இல்ல. நடப்பா."

வேண்டாம் என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. கடைக்காரர் அட்டைப் பெட்டியிலிருந்து ஒரு கவுனை எடுத்து உதறி விரித்தார். அதன் கழுத்து வழியாக எங்கள் பிள்ளை முழுசாக வெளியே வந்துவிடுவாள். அக்கா அதைத் தொடவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எடுக்கட்டாலே?"

கவுனை என் பக்கம் இழுத்து அதன் விளிம்பைத் தடவிப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தபடியே நின்றாள்.

"எடுக்கா" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. கடைக்காரருக்குக் கேட்டிருக்க வேண்டும். மடித்துத் தனிப் பையில் போட்டு நீட்டினார். நான் கை நீட்டுவதற்குள் அக்கா வாங்கிக்கொண்டாள். டவுண் பஸ்ஸில் கூட்டம். உட்கார்ந்திருந்த ஒரு பெண், "குடுங்கம்மா, நான் வச்சிருக்கேன்" என்று கேட்டும் அவள் கொடுக்கவில்லை. தச்சநல்லூர் வருகிற வரை ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் அதை நெஞ்சோடு அணைத்தபடியே நின்று வந்தாள்.