என் மகளைக் கட்டிப்போட்ட நாள்

என் மூத்த மகளின் தலையில் சில இடங்களில் முடி முளைக்காது. நெற்றிக்கு மேலே இருப்பது கடைப் பலகை விழுந்தது. உச்சியில் இருப்பது, ஆட்டுக்கல்லின் மேல் ஏறி நின்று உறியைப் பிடிக்கப் பார்த்தபோது கிடைத்தது. காதுக்குப் பின்னால் இருப்பதற்கு மட்டும் காரணம் அவளுக்கே தெரியாது. ரத்தம் வழிய ஓடி வந்தாள். “எங்கடி வுழுந்த?” என்று கேட்டால், “வுழுந்தேனா?” என்று என்னையே திருப்பிக் கேட்டாள். ஆறு வயது முடிவதற்குள் இவ்வளவும். வெட்டுக்காயத்துக்குக் காப்பித்தூள், சுட்ட புண்ணுக்குப் பேனா மசி, வீக்கத்துக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் என்று என் வீட்டுக்குள்ளேயே ஒரு ஆஸ்பத்திரி நடந்தது. நான் ரத்தத்தைக் கண்டு பதறுகிறவள் இல்லை. பதறுகிறவளாக இருந்தால் இவளை வளர்த்திருக்க முடியாது.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு இப்போது டாக்டர்கள் ஒரு பெயர் சொல்கிறார்கள். அந்த ஐம்பதுகளில் கேளம்பாக்கத்தில் பெயர் கிடையாது, பட்டம்தான் உண்டு. வாலு, வானரம், காலில் சக்கரம் கட்டினவள். காற்றுக் கருப்பு என்று சொன்னவர்களும் உண்டு. அவர்கள் பேச்சைக் கேட்டு ஒரு தாயத்துக் கட்டினோம். அதைக் கடித்துக் கடித்து உள்ளே இருந்த தகட்டை வெளியே எடுத்து என்னிடமே கொண்டு வந்து காட்டினாள். நான் பார்த்தவரையில் அவளிடம் கெட்ட குணம் ஒன்றும் இல்லை. நாம் சொல்வது அவள் காதில் விழும். விழுந்தது உள்ளே போய்ச் சேர்வதற்குள் கால் கிளம்பிவிடும். அடித்தால் அழுவாள், இனிமேல் செய்யமாட்டேன் என்பாள், சொல்லிக்கொண்டே அடுத்ததன் மேல் ஏறுவாள். அடிப்பது என் கைக்குத்தான் வலி என்று தெரிந்ததும் அதை விட்டுவிட்டேன்.

அதற்குப் பதிலாக எனக்கென்று சில வழிகள் வைத்துக்கொண்டேன். தாடையைப் பிடித்துக் கண்ணைப் பார்த்து ஒரே ஒரு வேலை சொல்வேன். இரண்டு சொன்னால் இரண்டும் போச்சு. சோறு போடுவதற்கு முன்னால், “கடைக்கு ஓடி அத்தாவத் தொட்டுட்டு வா” என்பேன். முன்கட்டில் இருக்கும் அவள் அப்பாவின் கடைவரை ஓடிவிட்டு வந்தால் பாதிச் சோறாவது உட்கார்ந்து தின்பாள். பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுக்கும் அம்மாவிடமும் இதைச் சொன்னேன், கொஞ்சம் ஓடவிட்டு உட்காரவையுங்கள் என்று. அந்த அம்மா, ஓதுகிற இடத்தில் ஓட்டம் என்ன என்று கேட்டார். அந்த வாரமே என் மகள் அவர் வீட்டுக் கோழிக்கூண்டின் மேல் ஏறி, கூண்டோடு சரிந்து, முட்டியைப் பெயர்த்துக்கொண்டு, ஓடிப்போகப் பார்த்த ஒரு கோழியைப் பிடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். கோழியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அந்த அம்மா சிரிக்கவில்லை. நான் வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

எனக்குப் பயம் ஒன்றே ஒன்றுதான். எங்கள் வீட்டின் பின்கதவைத் திறந்தால் கால்வாய். என் வீட்டுக்காரர் வைத்திருந்தது படகுக்காரர்களுக்கும் உப்பளத்து ஆட்களுக்கும் வேண்டிய மளிகைக் கடை; வீடு அதன் பின்கட்டு. கால்வாயில் அப்போது உப்பு மூட்டையும் விறகும் ஏற்றிக்கொண்டு பட்டணத்துக்குப் படகுகள் போய்க்கொண்டிருந்த காலம். எங்கள் படித்துறையில் எப்போதும் ஒன்றிரண்டு நிற்கும். முட்டி பெயர்ந்தால் கட்டலாம். தண்ணீருக்கு என்ன கட்டுவது? பின்கதவின் தாழ்ப்பாளை அவள் கைக்கு எட்டாத உயரத்தில் போட்டுவைத்தேன். எட்டாத உயரம் என்று அவளுக்கு எதுவும் கிடையாது என்பதால் அதன்மேல் ஒரு கண்ணையும் போட்டுவைத்தேன்.

அந்த நேரத்தில்தான் எனக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது. எங்களில் பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் வாசல் தாண்டக் கூடாது. நாற்பது குளித்த பிறகுதான் வெளிக்காற்று. எனக்கு ஒத்தாசையாகச் செங்கல்பட்டிலிருந்து என் நாத்தனார் வந்தார். என் வீட்டுக்காரருக்கு மூத்தவர், நான்கு ஆண்பிள்ளைகளை வளர்த்தவர். கைப்பக்குவம் நல்லது, மனசும் நல்லது, வாய்தான் ஓயாது. என் மகள் மேல் அவருக்கு உயிர். ஆனால் பிள்ளையைக் கட்டிப்போடாமல் யாராவது வளர்ப்பார்களா என்பது அவருடைய கேள்வி. பழைய புடவையை முறுக்கி இடுப்பில் ஒரு முடிச்சு, தூணில் ஒரு முடிச்சு. அவர்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அடுப்பு எரிகிற நேரத்துக்குப் பிள்ளைகள் தூணில்தான் இருக்கும்.

“கட்டாதீங்கக்கா. கட்டுனா இன்னும் ஜாஸ்தியா திமிறுவா” என்றேன்.

“திமிறட்டும். நாலு நாள் திமிறும், அப்பாலிக்கா அடங்கிப்பூடும். எம் புள்ளைங்க அடங்கல?”

அவர் அதோடு விடவில்லை. நாற்பது முடிந்து ஊருக்குப் போகும்போது என் மகளைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார். செங்கல்பட்டில் நாலு பக்கமும் சுவர், தண்ணீர் பயம் இல்லை, பெரிய மனுஷி ஆகும்வரை அங்கேயே இருக்கட்டும் என்றார். என் வீட்டுக்காரர் அக்கா பேச்சைத் தட்டாதவர். “நாப்பது கழியட்டும், பாக்கலாம்” என்றார். அவர் பார்க்கலாம் என்றால் சரி என்று அர்த்தம். என் பிள்ளை என்னிடமிருந்து போகப் போகிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. பச்சைக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நான் யோசித்ததெல்லாம் இவளைப் பற்றித்தான்.

நாற்பது முடியச் சில நாட்களே இருந்த ஒரு காலையில் என் நாத்தனார் மீன் ஆய்வதற்காக அரிவாள்மணையோடு படித்துறைக்குப் போனார். என் மகளும் கூடவே போனாள். நான் ஜன்னல் வைத்த பின்னறையில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். படித்துறையில் உப்பு மூட்டை ஏற்றிய ஒரு படகு நின்றது. கால்வாய்ப் படகுகளைத் துறையில் நிறுத்தும்போது, தள்ளிக்கொண்டு வந்த மூங்கில் கழியையே கரையோரச் சேற்றில் ஊன்றி, படகுக் கயிற்றை அதன் தலையில் மாட்டிவிடுவார்கள். கிளம்பும்போது கயிற்றைக் கழற்றி, கழியைப் பிடுங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள். எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூட இது தெரியும். செங்கல்பட்டுக்காரருக்குத் தெரியவில்லை. அவர் கண்ணுக்கு அது நட்டுவைத்த கம்பம். மீனில் கை வைத்தால் பிள்ளையைப் பிடிக்க முடியாது என்று, முறுக்கிய புடவையின் ஒரு முனையை என் மகளின் இடுப்பிலும் மறுமுனையைக் கழியின் அடியிலும் இறுக்கிக் கட்டிவிட்டு, நிம்மதியாக மீனை ஆயத் தொடங்கிவிட்டார்.

படகுக்காரர் கடையில் பீடி வாங்கிக்கொண்டு முன்பக்கமாக ஏறினார். மூட்டை அடுக்கின் மறைவில் பின்பக்கம் வந்து, வாய் யாரோடோ பேசிக்கொண்டிருக்க, கை பாட்டுக்குக் கழியைப் பிடுங்கித் தள்ளியது. புடவை நீளம். முதல் தள்ளலில் தளர்ச்சி போயிற்று. இரண்டாவது தள்ளலில் என் மகள் படியிலிருந்து வழுக்கித் தண்ணீரில் விழுந்தாள்.

“படவ நிறுத்து, படவ நிறுத்து” என்று என் நாத்தனார் கத்துவதைக் கேட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். புடவையும் கழியும் கண்ணில் பட்டதும் எல்லாம் புரிந்துவிட்டது. குழந்தையைப் பாயில் போட்டுவிட்டு ஓடினேன். நாற்பதாவது வாசலாவது என்று பின்கதவைத் தாண்டும்போதுதான் பார்த்தேன், படகுக்காரர் கத்தல் கேட்டுத் திரும்பி, படகை நிறுத்தக் கழியைத் தூக்கிவிட்டார். அவர்கள் படகை நிறுத்துவதே அப்படித்தான். கழியைச் சேற்றில் ஆழ ஊன்றி, அதன்மேல் சாய்ந்து நிற்பார்கள். ஊன்றினால் முடிச்சும் அடிக்குப் போகும், முடிச்சோடு என் பிள்ளையும் அடிக்குப் போவாள்.

“அண்ணாத்தே, கழிய ஊணாத. தண்ணில வுட்டுடு” என்று சொல்லிக்கொண்டே குதித்தேன்.

கழியைக் கைவிட்ட படகுக்காரனை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கைவிட்டால் படகு எங்கே போய் முட்டும் என்று சொல்ல முடியாது. அந்த மனிதர் ஒரு கேள்வி கேட்காமல் விட்டார். படகு தன்பாட்டுக்குப் போய் எதிர்க்கரையில் முட்டியது. மூங்கில் மேலே எழும்பி மிதந்தது. மார்பளவுத் தண்ணீரில் நான் போய்ச் சேர்வதற்குள் என் மகள் அதை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு, இருமிக்கொண்டு, கண்ணை அகல விரித்துக்கொண்டு இருந்தாள். அவளை அள்ளி மார்போடு சேர்த்தேன்.

“அம்மா, இது முழுவல, மெதக்குது” என்றாள், மூங்கிலைக் காட்டி.

நனைந்த முடிச்சு அவிழவில்லை. அரிவாள்மணையில் வைத்துத்தான் அறுத்தேன். என் நாத்தனார் மீன் செதில் ஒட்டிய கையோடு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தெரியாத ஊரில் தெரிந்ததைச் செய்தார். திட்டுவதற்கு எனக்கு நேரமும் இல்லை, உள்ளே சின்னது அழுதுகொண்டிருந்தது.

ஆனால் அன்று மத்தியானமே பேச்சு முற்றிவிட்டது. “பாத்தியா இந்தத் தண்ணிய. எங்கூட அனுப்பிடு, இனிமே ஒரு நாளு இங்க வெக்காத” என்று என் நாத்தனார் அழுதார். என் வீட்டுக்காரர் முகம் வெளுத்திருந்தது. “அக்கா சொல்றதுதான் சரி” என்றார். முதல் தடவையாகப் பார்க்கலாம் என்று சொல்லாமல் சரி என்றே சொன்னார்.

“நாப்பது குளிச்சதும் நானே நீச்சல் கத்துக் குடுக்கறேன்” என்றேன். நான் பக்கத்துக் கோவளத்தில் பிறந்தவள். முகத்துவாரத்தில் என் அண்ணன்மாரோடு நீந்தி வளர்ந்தவள். “அவ கத்துக்கற வரிக்கும் அக்கா இங்க இருக்கட்டும். புள்ளைக்கு நீச்சல் வரலன்னா நானே பெட்டியக் கட்டித் தரேன்.”

“பொம்பளப் புள்ள. நாலு பேரு வந்து போற எடம்” என்றார் என் வீட்டுக்காரர்.

“நாலு பேரு வந்து போற எடத்துலதாங்க வுழுந்துச்சி.”

மறுநாளே ஒரு மூங்கில் துண்டை அவரே வெட்டி வாங்கிவந்து பின்கதவில் சாத்திவைத்தார். அந்த மனிதரிடம் எனக்குப் பிடித்ததே இதுதான்.

நாற்பது குளித்ததிலிருந்து தினமும் பொழுது விடியும் நேரத்தில், படகுகள் கிளம்புவதற்கு முன்னால் இறங்கினோம். மூங்கிலைக் கையிடுக்கில் கொடுத்துக் காலை அடிக்கச் சொன்னேன். தாடையைப் பிடித்து ஒரு வேலை, அது முடிந்தால் அடுத்த வேலை. சட்டென்று எல்லாம் வந்துவிட்டது என்று சொன்னால் பொய். மீன்கொத்தியைப் பார்த்து மூங்கிலை விட்டாள். மூக்கில் தண்ணீர் ஏறி அலறினாள். கிளிஞ்சலில் கட்டைவிரலைக் கிழித்துக்கொண்டாள். அதற்கும் காப்பித்தூள்தான். ஆனால் தண்ணீரில் அவளை உட்கார் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. கையும் காலும் சேர்ந்து ஓயாமல் ஆடினால்தான் அங்கே பிழைப்பு. அந்த வேலைக்கு அவள் எப்போதோ தயார். ஒரு நாள் மூங்கிலை நான் மெல்ல உருவினேன். அவள் கவனிக்கவில்லை. வேறு எதையோ பார்த்துக்கொண்டு நீந்திப் போனாள்.

என் நாத்தனார் ஊருக்குப் போகும் நாள் வந்தது. என் மகளின் பாவாடை சட்டைகளை அவர் தன் டிரங்குப் பெட்டியில் அடுக்கிவைத்திருந்தார். பிள்ளை நீந்துகிறாள் என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை, விடியலில் எழுந்து வந்து பார்க்கவும் அவருக்குத் தைரியம் வரவில்லை. அன்று கையைப் பிடித்துப் படித்துறைக்கு அழைத்துவந்தேன். என் வீட்டுக்காரரும் கடையை அப்படியே விட்டுவிட்டு வந்து நின்றார். நான் இறங்கவில்லை. “எதிர்க்கரையத் தொட்டுட்டு வா” என்றேன். குதித்தாள்.

போய்த் தொட்டாள். திரும்பும்போது நடுக்கால்வாயில் அவளுக்கு என்ன நினைவு வந்ததோ, மல்லாந்து படுத்து வானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். கை அசையவில்லை. எனக்கு அது பழக்கம். என் நாத்தனாருக்கு இல்லை. “அய்யோ, புள்ள போச்சே” என்றவர், நான் பிடிப்பதற்குள் படியிறங்கி, புடவையோடு இடுப்பளவுத் தண்ணீருக்குப் போய்விட்டார். வாழ்நாளில் கால்வாயில் கால் நனைத்தறியாதவர். பாசியில் தடுமாறினார்.

என் மகள் சத்தம் கேட்டுப் புரண்டாள். அவளிடம் எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும். அன்று யாரும் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நேராக அவள் மாமியை, என் நாத்தனாரைப் பார்த்து நீந்தி வந்தாள். வழியில் எதையும் பார்க்கவில்லை.

“மாமி, உள்ள வராத. உனுக்கு நீச்சல் தெரியாது” என்று சொல்லி, மாமியின் கையைப் பிடித்து, ஒவ்வொரு படியாகக் காலால் தடவிப் பார்த்து, கரைக்கு ஏற்றிவிட்டாள்.

என் நாத்தனார் நனைந்த புடவையோடு நேராக உள்ளே போனார். டிரங்குப் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. அடியில் அடுக்கியிருந்ததுவரை என் மகளின் துணிகள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து என் கையில் வைத்தார்.

“புள்ள ஈரமா கீது. மாத்தி வுடு” என்றார்.