அலமுவைக் கேட்டு அம்பு வாங்கியவர்கள்

பவானிபூரில் மூன்றாவது மாடி வீட்டில் விடிந்ததும் அலமு லேப்டாப்பைத் திறப்பாள். திறந்த சற்று நேரத்தில், அமெரிக்காவில் எங்கோ ஒருவர் மானைக் கொல்வது எப்படி என்று அவளிடம் கேட்பார்.

முட்டைகூட நுழையாத சமையலறை அவளுடையது. மானை அலிப்பூர் மிருகக்காட்சி சாலையில் கம்பிக்கு அப்பால் பார்த்ததோடு சரி. ஆனால் வேலை வில்வேட்டைச் சாமான் விற்கும் ஓர் அமெரிக்கக் கடைக்கு. இணையதளத்தில் வாங்க வருகிறவர்களின் கேள்விக்கு உடனுக்குடன் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். லேக் மார்க்கெட்டில் அவள் அப்பளம் வாங்கும் கடைக்காரரின் மகன் பிரவீண்தான் இப்படிப் பதில் எழுதுகிற குழுவின் தலைவன். அடுக்குமாடிச் சங்கத்துக்காக அவள் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு புகாரைப் படித்துவிட்டு, "மாமி, இப்படி எழுதறவங்களத்தான் தேடிட்டிருக்கேன்" என்று கூப்பிட்டான்.

கணவர் பட்டாபிக்கு இது பிடிக்கவே இல்லை. தேயிலைக் கம்பெனியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். காபி டம்ளரோடு அவள் பின்னால் வந்து நிற்பார்.

"இன்னிக்கு எத்தனை மான் போச்சு?"

"நான் வில்லையே தொட்டதில்லை. கேக்கறவாளுக்குப் பதில் சொல்றேன், அவ்வளவுதான்."

"காலங்கார்த்தால கொலைக்கு யோசனை சொல்லிட்டு அந்தக் கையாலயே பூஜைக்குப் பூ பறிக்கறே."

"அந்தக் கையாலதான் உங்களுக்குக் காபியும் வருது. வேண்டாம்னா வெச்சுட்டுப் போங்கோ."

அவர் டம்ளரை வைக்கமாட்டார்.

அலமுவுக்கு இந்த வேலை வேண்டியிருந்தது. ஐம்பத்தோரு வயதில் வந்த முதல் வேலை. இத்தனை காலமும் அவள் சொன்னதை வீட்டில் எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள், செய்ததில்லை. இங்கே ஒரு முன்பின் தெரியாத ஆள், "நீ சொன்னதையே வாங்கினேன்" என்று எழுதினான். அன்று முழுக்க அவளுக்கு நடை வேறு மாதிரி இருந்தது.

அதனால் சிரத்தையாகக் கற்றாள். வேட்டைக்காரர்கள் அதிகம் கேட்பது அம்பின் முனையைப் பற்றி. ஒரு வகையில் பிளேடுகள் எப்போதும் விரிந்தபடியே நிற்கும். இன்னொரு வகையில் அவை மடங்கியிருந்து, விலங்கின் மேல் பட்டதும் விரியும். இந்த இரண்டாவதைத்தான் கடை தூக்கிப் பிடித்தது. காரணமும் இருந்தது. மடங்கியிருப்பதால் காற்று இழுக்காமல் நேரே பறக்கும். விரிந்தால் காயம் பெரிது. விலங்கு சீக்கிரம் விழும், ரத்தத் தடத்தை வைத்துத் தேடவும் எளிது. புகழ்ந்து எழுதியவர்கள் ஏராளம். அலமு அவற்றைப் படித்தாள். புகார்களையும் விடாமல் படித்தாள். பட்டன் குடை மாதிரி என்று அவளுக்குப் புரிந்தது. கூட்டமான பஸ்ஸில் மடக்கிய குடை இடைஞ்சல் இல்லாமல் நுழையும். ஆனால் எதிர்க்காற்றில் அதை விரிக்கவே பாதித் தெம்பு போய்விடும். வில் பலமாக இருந்தால் கவலை இல்லை. பலம் குறைந்த வில்லில், பெரிய விலங்கின் எலும்பில், சாய்ந்த கோணத்தில் பட்டால் அம்பு பாதியில் நின்றுவிடும். விலங்கு அம்போடு ஓடிவிடும். எங்கேயோ போய்ப் பல நாள் கழித்துச் சாகும். அப்படி எழுதியிருந்த நாலைந்து புகார்கள் அவளுக்கு மனப்பாடமாகவே ஆகிவிட்டன.

ஆனால், வாங்கப் போகும் பொருளை வேண்டாம் என்று சொல்லக்கூடாது என்பது விதி. அலமு இரண்டு முறை மீறிவிட்டாள். இன்னொரு முறை மீறினால் வேலை நிரந்தரமாகாது என்று பிரவீண் சொல்லியிருந்தான்.

செப்டம்பரில் ஒரு காலை, கொலராடோவிலிருந்து டான்யா என்ற பெண் வந்தாள். முதல் எல்க் வேட்டையாம். எல்க் என்பது மான்தான், ஆனால் குதிரை அளவு இருக்கும். டான்யா தோளில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவள்; நாற்பது பவுண்டு விசை போதுமான, பலம் குறைந்த வில்தான் அவளால் இழுக்க முடியும். கடையின் இணையதளத்தில் அகலமான விரியும் முனையைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தாள். "இது போதுமா?" என்று கேட்டாள்.

'எல்லாப் பெரிய விலங்குகளுக்கும் ஏற்றது' என்ற தயார் வாக்கியம் திரையின் ஓரத்திலேயே இருந்தது. ஒரு தட்டு தட்டினால் போதும்.

அலமு தட்டவில்லை. "உங்கள் வில்லுக்கும் எல்க்குக்கும் இது வேண்டாம். விரியாத, ஒடுக்கமான முனை வாங்குங்கள். எங்களிடம் தீர்ந்துவிட்டது, உங்கள் ஊர்க் கடையில் கிடைக்கும். எல்க் கிட்டத்தில் வந்து, பக்கவாட்டில் நிற்கும்போது மட்டும் எய்யுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்" என்று எழுதினாள்.

டான்யா நன்றி சொல்லி, எதுவும் வாங்காமல் போனாள். கால் மணி நேரத்தில் பிரவீண் போன் செய்தான்.

"அரே பாபா, என்ன மாமி இது! வேற கடைக்கே அனுப்பிட்டீங்க."

"பொய் சொல்லியிருக்கணுமா?"

"பொய் இல்ல, ஸ்கிரிப்ட்டு. நான் மறைச்சாலும் அங்க தெரியும் மாமி. எல்லாம் பதிவாகுது."

"மறைக்காதே. உன் வேலைக்கு வினை வேண்டாம்."

இனி வாங்குகிறவர்களோடு அவள் பேச வேண்டாம், வேண்டுமானால் புகார்ப் பிரிவில் இருக்கலாம் என்று மேலிடம் சொல்லிவிட்டது. வந்த புகார்களைப் படித்து வகை பிரிக்க வேண்டும். பதில் எழுதும் இடமே கிடையாது. யாரும் அவளை எதுவும் கேட்கப் போவதில்லை. நிரந்தரம் என்ற பேச்சும் இல்லை.

"விட்டுத் தொலையேன்" என்றார் பட்டாபி. இந்த முறை கிண்டல் இல்லை. அவள் பூக்கூடையை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள். அன்றிலிருந்து லேப்டாப் மூடியே கிடந்தது.

மாதக் கடைசியில் பிரவீண் மறுபடி அழைத்தான்.

"அந்தக் கொலராடோப் பொண்ணு உங்களுக்கு எழுதியிருக்கு. படிக்கறேன் கேளுங்க. நீங்க சொன்ன முனையே வாங்கிச்சாம். பெரிய எல்க், ரொம்பக் கிட்டத்துல வந்துச்சாம். ஆனா பக்கவாட்டுல திரும்பவே இல்லையாம். எய்யாம மலையிலேர்ந்து இறங்கி வந்துட்டேன்னு போட்டிருக்கு."

"எய்யவே இல்லையா?"

"இல்ல. சந்தோஷமா மாமி? எல்க் பொழச்சுது."



"சந்தோஷம்தான்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா அந்த முனை உள்ள போயிருக்குமான்னு தெரியாமலே போச்சேடா" என்றாள். சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. பட்டாபி பக்கத்து அறையில் பேப்பரைப் புரட்டும் சத்தம் நின்றிருந்தது.

"புகார்ப் பிரிவுன்னியே," என்றாள் அலமு. "நாளைக்கே ஆரம்பிக்கறேன். ஆனா ஒண்ணு. புகார் எழுதறவாளை எந்த வில்லு, எந்தக் கோணம்னு கேக்க ஒரு இடம் வெச்சுத் தரச் சொல்லு."

"அதெல்லாம் முடியாது மாமி."

"கேட்டுப் பாரேன்."

பிரவீண் பெருமூச்சு விட்டான். சரி, கேட்டுப் பார்க்கிறேன் என்றான்.