ஓரகத்தியின் சீட்டு

நோயில் கிடந்து செத்தவள் மேல் கோபப்படக் கூடாது என்கிறார்கள். எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அதை ஒளித்து என்ன ஆகப்போகிறது?

அவள் என் ஓரகத்தி, என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நான் தியாகதுருகத்தில் வீட்டிலேயே மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். அவர்கள் மலைமேல் கரியாலூரில், அருவிக்குப் போகிற வழியில் சின்னதாக டிபன் கடை வைத்திருந்தார்கள். நான் கல்யாணமாகி வந்த புதிதில், மாமியாரிடம் நான் வாங்கவேண்டிய திட்டையெல்லாம் குறுக்கே வந்து தான் வாங்கிக்கொண்டவள். கூடப் பிறந்தவளிடம் சொல்லாததைக்கூட அவளிடம் சொல்வேன். அவளும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் இலவச முகாம் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். மார்பகப் புற்றுநோய், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இரண்டுக்கும் பார்ப்பார்களாம். காப்பீட்டு அட்டை இல்லாத பெண்கள் கட்டாயம் வரவேண்டுமாம். எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் அட்டை கிடையாது. அதற்காக ஆண்கள் இரண்டு பேரும் கொஞ்ச நாள் நடையாய் நடந்தார்கள், பிறகு நடப்பதையே விட்டுவிட்டார்கள். நான் அவளுக்குப் போன் போட்டேன்.

"எனுக்கு இன்னா? நல்லாத்தான் இருக்கிறேன்."

"நல்லா இருக்கறவங்களுக்குத்தான் முகாமே. வரலன்னா இனிமே உனுக்கு ஜாக்கெட் தெச்சுத் தரமாட்டேன் பாரு."

சிரித்தாள். வந்தாள்.

ஆதாரைப் பார்த்துப் பெயர் எழுதி ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்தார்கள். மண்டபத்துப் பொண்ணு ரூமில் திரை கட்டி உள்ளே பரிசோதனை. முதலில் நான் போனேன். பாவாடையைத் தூக்கிக்கொண்டு மேஜை மேல் படுக்கக் கூச்சமாகத்தான் இருந்தது. டாக்டரம்மா என்னிடம் பிள்ளைகளின் படிப்பை விசாரித்துக்கொண்டே வேலையை முடித்துவிட்டார். வெளியே வரும்போது நோட்டில் கையெழுத்து வாங்கினார்கள்.

"ஒன்னுமே இல்லக்கா, அஞ்சு நிமிஷம். தைரியமாப் போ," என்று சொல்லிவிட்டு இட்லி வாங்கப் போனேன். விடியலிலேயே மலையிலிருந்து பஸ் ஏறியவள், பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. நான் திரும்பி வந்தபோது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆச்சாக்கா?"

"ஆச்சு ஆச்சு. நீ சொன்னாப்புல அஞ்சே நிமிஷம்."

மலையில் டவர் சரியாகக் கிடைக்காது என்பதால் இரண்டு சீட்டிலும் என் நம்பரைத்தான் கொடுத்திருந்தேன். பத்து நாள் கழித்துப் போன் வந்தது. இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை என்றார்கள். உடனே அவளுக்குச் சொன்னேன். "நல்லதாப் போச்சும்மா," என்றாள். நான் சாமிக்கு முன்னால் சூடம் ஏற்றிவிட்டுத்தான் அடுத்த ஜாக்கெட்டைக் கையில் எடுத்தேன்.

ஆடி மாதம் ஊருக்கு வந்தவள் இரண்டு ஜாக்கெட்டைக் கொண்டுவந்து போட்டாள். இடது பக்கம் பிடிக்கிறது, பிரித்து விடு என்றாள். வலது பக்கம் சரியாக இருந்தது. எத்தனை வருஷமாக அவளுக்கு அளவு எடுக்கிறேன், எனக்கு உறைத்தது. "இன்னாக்கா இது, ஒரு பக்கம் மட்டும்?" என்று கேட்டேன். கேட்டவள் நானே, பதிலும் நானே சொன்னேன். "அதான் டெஸ்ட்ல ஒன்னும் இல்லன்னு வந்துடுச்சே. வயசாவுது, ஒடம்பு போடுது." அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நான் தையலைப் பிரித்து அரை இன்ச் விட்டு மறுபடி ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பொறுக்காதது இதுதான்.

தீபாவளி முடிந்து கையைத் தூக்க முடியவில்லை என்று வந்தாள். கள்ளக்குறிச்சியில் டாக்டர் தொட்டுப் பார்த்தவுடனே முகம் மாறிவிட்டது. ஸ்கேன், ஊசி போட்டு எடுத்த டெஸ்ட் எல்லாம் முடிந்து, முற்றிவிட்டது என்றார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. என்னுடைய பழைய சீட்டை எடுத்துக்கொண்டு நேராக முகாம் நடத்தியவர்களின் ஆபீசுக்குப் போனேன். அவளையும் இழுத்துக்கொண்டு போனேன். "வேணாம், வா, வூட்டுக்குப் போலாம்," என்று என் முந்தானையைப் பிடித்துப் பிடித்து இழுத்தாள். பாவம், யாரோடும் சண்டை வேண்டாம் என்கிறாள், இப்படிப்பட்ட நல்ல மனசுக்கா இந்த நோய் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அங்கே இருந்த நர்ஸை வாய்க்கு வந்தபடி பேசினேன். "ஓசியில பாக்கறதுன்னா கண்ண மூடிக்கினு பாப்பீங்களா? ஒரு உசுருக்கு யாருங்க பதில் சொல்றது?" அந்தப் பெண் நோட்டை எடுத்துத் தேடி, எங்கள் பக்கம் திருப்பி வைத்தாள். என் பெயருக்கு நேரே என் கையெழுத்து. அடுத்த வரியில் அக்காவின் பெயர். அதற்கு நேரே கைநாட்டு.

அக்கா எட்டாவது வரை படித்தவள். கடைக்கு வருகிற கியாஸ் ரசீதில்கூட முழுப்பெயர் எழுதிக் கையெழுத்துப் போடுவாள்.

திரும்பி அவளைப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆதார் எடுத்துக்கினு வரலன்னு மேல்மலைப் பொண்ணு ஒன்னு அழுதுக்கினு நின்னுச்சு. அதுங்கிட்ட சீட்டக் குடுத்து, எம்பேரக் கூப்புட்டா போன்னு சொல்லிட்டேன்."

"ஏன்க்கா?"

"கட்டி அப்பவே இருந்துச்சும்மா. சுண்டக்கா கணக்கா. உள்ள போனா இருக்குதுன்னு சொல்லிடுவாங்களேன்னு பயம்."

வந்த போன் யாரோ ஒருத்தியின் உடம்புக்கு வந்த நல்ல சேதி. அதை அக்காவுடையது என்று நம்பி நான் சூடம் ஏற்றியிருக்கிறேன். நர்ஸின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். பஸ்ஸில் அக்காவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நம்ப வைத்துக் கழுத்தறுத்தாள் என்று சொல்வோமே, அறுத்தது தன் கழுத்தை. ஆனால் நம்ப வைத்தது என்னை. பயமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் திரைக்குள் கூடவே போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேனே. மாமியார் திட்டை வாங்கிக்கொள்ளத் தெரிந்தவளுக்கு, பயத்தை என்னிடம் கொடுக்கத் தெரியவில்லையா?

மார்பை எடுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள். அரிசி புடைக்கிற முறத்தைக்கூடத் தூக்க முடியாமல் போனாள். நான்தான் கூட இருந்தேன். கஞ்சி கொடுத்தேன், துணி மாற்றினேன், செய்யவேண்டியதில் ஒரு குறையும் வைக்கவில்லை. பேச்சை மட்டும் அளந்து பேசினேன். அது அவளுக்கும் தெரிந்தது.

ஒருநாள் மத்தியானம் கேட்டாள். "எம்மேல கோவமாம்மா?"

"ஆமாக்கா," என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு இழுத்துக்கொள்ளவும் மனசில்லை, அழுத்திப் பிடிக்கவும் மனசில்லை. அந்த வாரமே போய்விட்டாள்.

பிழைத்திருந்தால் ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் அவளைப் படுத்தி எடுத்திருப்பேன். அதற்கப்புறம் ஏதாவது ஒரு விசேஷத்தில், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் இலையில் அப்பளத்தை எடுத்து வைத்துப் பேச ஆரம்பித்திருப்பேன். அந்த ஆறு மாதத்தைக்கூட அவள் எனக்குக் கொடுக்கவில்லை.