மூன்றாவது தொட்டி

துணி துவைக்கும் அறையில் குந்தி உட்கார்ந்து, மனைவியின் பூட்ஸில் அப்பியிருந்த சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார் கணவர். நிலம் கைமாறுமுன் அடிமண் கெட்டிருக்கிறதா என்று பார்த்து அறிக்கை எழுதுவது அவள் வேலை. இரண்டு நாளாக அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இம்முறை வந்திருப்பது கணவரின் அண்ணன் விற்கும் பழைய பெட்ரோல் பங்க். அங்கே குழந்தைகள் ஆஸ்பத்திரி வரப்போகிறது. பூமிக்கடியில் தொட்டி இரண்டுதான் என்கிறார் அண்ணன். ஆவி வெளியேற ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு காற்றுக்குழாயைச் சுவரோடு மேலே ஏற்றுவார்கள்; அந்தக் குழாயின் தடமோ சுவரில் மூன்று இருந்தது.

“நீங்களும் அங்கதானே வேலை பாத்தீங்க? எத்தனை தொட்டி?”

“வீட்டுக்கு வந்தும் தோண்டுறதை விடமாட்டியா?”

அவள் சிரிக்கவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தாள்.

பிரஷ் நின்றது. “மூணு. ஒண்ணு ஒழுகிச்சு, மண்ணைப் போட்டு மூடிட்டாரு. வெளிய தெரிஞ்சா வாங்குறவன் ஓடிடுவான்.”

“எழுதத்தான் போறேன். யார் சொன்னதுன்னு பேரும் போடணும்.”

“என் பேரைப் பாத்தா அண்ணன் வாசல்படி ஏறமாட்டாரு. சுவத்தைப் பாத்துக் கண்டுபிடிச்சேன்னு எழுதேன்.”

சுவர் தொட்டியைக் காட்டிக்கொடுக்கும், ஒழுகியதைக் காட்டிக்கொடுக்காது. இது அவருக்கும் தெரியும்.

“என் பேரை எழுதுவியா?” என்றார்.

அவள் அறிக்கையை எழுதி முடிக்க அறையை விட்டு வெளியேறினாள்.