வழக்குக்கு முந்தின சனிக்கிழமை ஆடிய ரக்பி

கடந்த ஒக்டோபரில், எங்கள் நகரத்தின் மேற்குக் கோடியில் ஆற்றங்கரையில் இருக்கும் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ ஊருக்குப் போய்வந்தேன். அங்குள்ள ஆண்கள் ரக்பி கழகம் வேறொரு கழகத்தோடு சேரப்போகிறது. சொந்தப் பெயரில் ஆடும் கடைசி ஆட்டம் சனிக்கிழமை பகல் ஒரு மணிக்கு. நானும் ஒரு காலத்தில் அங்கே ஆடியவன், வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

நான் இருக்கும் சென்ட் லோரன்டிலிருந்து மெட்ரோ, பிறகு பஸ். மூன்று டொலர் எழுபத்தைந்து சதம், ஒன்றரை மணித்தியாலம். காரில் பாதி நேரம்தான். பஸ் தரிப்புக்குத் தரிப்பு நின்று உயிரை வாங்கியது. எண்பதுகளிலும் இதே கூத்துத்தான்.

கழகத்தைத் தொடங்கியவர்கள் விவசாயம் படித்த மாணவர்கள். உடுப்பு மாற்ற ஒரு வைக்கோல் கொட்டில். என் காலத்தில் பதினைந்து பேரைச் சேர்ப்பதே பெரும்பாடு. அதனால், கண்டியில் விடுதியில் தங்கிப் படித்தபோது ரக்பி பழகிய திருகோணமலைக்காரன் நான் போய் நின்றதும், சப்பாத்து அளவை மட்டும்தான் கேட்டார்கள். அகதியாக வந்தபின் வேறு கேள்வி கேட்காத ஒரே இடம் அது! கிழமை முழுக்கத் தையல் தொழிற்சாலை. சனி வந்தால் என் கால் நிற்காது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஆட்டத்தில் யாரைக் காயப்படுத்தினாயோ, முடிந்ததும் அவருக்கு உன் கையாலேயே சாப்பாடும் பியரும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எதிரணிக்கும் அதே சட்டம்.

அந்தக் காலத்தில் எனது அகதி விசாரணை ஒரு திங்கட்கிழமை வந்தது. அதற்கு முந்தின சனியும் ஆடினேன். எதிரணியில், லவாலிலிருந்து வந்த ஜில் என்ற மலை போன்ற மனிதரின் முழங்கை என் இடது கண்ணில் இறங்கியது. ஆட்டம் முடிந்ததும் அவர் சாப்பாட்டுத் தட்டோடு வந்தார். எனக்கோ இந்த வீங்கிய கண்ணோடு விசாரணைக்குப் போகவேண்டுமே என்ற பயம். “திங்கள் எனக்கு விசாரணை” என்று கட்டிடத்தின் பெயரையும் சொல்லி, சாப்பிடாமல் ஓடிவிட்டேன்.

அறையில் என்னோடு இருந்த யாழ்ப்பாணத்து அந்தோனி அண்ணை தலையில் கைவைத்தார்.

“விசரா! சண்டியன் எண்டு திருப்பி அனுப்பப்போறாங்கள். ஆமி அடிச்சதெண்டு சொல்லு.”

“ஆமி அடிச்சது முதுகிலை அண்ணை.”



விசாரணையில் அதிகாரி முதலில் கண்ணைத்தான் பார்த்தார். யார் அடித்தது என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

“லவால்காரர் ஒராள். வெளியிலை சாப்பாட்டோடை இருக்கிறார்.”

உண்மைதான். காலையிலிருந்தே ஜில் விசாரணை அறை வாசலில், வாங்குப் பலகையில் சாப்பாட்டுக் கடதாசிப் பையோடு இருந்தார். அதிகாரி கதவைத் திறந்தார். ஜில் எழுந்து தன் முழங்கையைத் தட்டிக் காட்டினார். அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பி வந்து உட்கார்ந்து, “நோகுதா?” என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார்.

சீருடைக்காரரும் அதிகாரிகளும் என்னிடம் எத்தனையோ கேள்விகள் கேட்டிருக்கிறார்கள். இதை ஒருவரும் கேட்டதில்லை. அழுதுவிட்டேன். பிறகு சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டினேன். என்னை ஏற்றுக்கொண்டார்கள்.

போகிறவர்களுக்கு: ஆற்றுக்காற்று எலும்பைத் துளைக்கும், தடித்த ஜக்கெட் வேண்டும். திரும்பும் பஸ் நேரத்தை முதலே பார்த்து வையுங்கள். வழக்கு இருந்தால் ஆடாதீர்கள்.

கடைசி ஆட்டத்தில் தோற்றோம். ஊன்றுகோலோடு ஜில் ஒரு தட்டைக் கொண்டுவந்து நீட்டினார். இத்தனை வருடப் பழக்கத்தில் இடியப்பம்கூடத் தெரிந்துகொண்ட மனிதர். நான் இன்று ஆடவே இல்லையே என்றேன். அந்தச் சனி நீ இருந்து சாப்பிடவில்லையே என்றார். இம்முறை இருந்து சாப்பிட்டேன்.