கோழிக்கு அடியில் வீட்டுச் சாவி

எங்கள் தெருவில் சவரியம்மாள் அக்காவோடு சண்டை போட்டு ஜெயித்தவர் யாரும் இல்லை, அவர் கணவர் அந்தோணிசாமி மாமா உட்பட. 2005 வெள்ளம் மட்டும் ஜெயித்தது. அக்காவின் கோழிகளை ஒன்றுவிடாமல் அள்ளிக்கொண்டு போனது. பிறகு அவர் ஆசையாக வளர்த்த ஒரே பெட்டைக்கோழி அடை உட்கார்ந்திருந்தபோதுதான், 2008இல் வெள்ளாறு மறுபடியும் ஊருக்குள் வந்தது.

எல்லோரும் துணிமூட்டையோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம். அக்கா தலையில் கூடை, கூடையில் முட்டைகள், முட்டைகள் மேல் கோழி. அது வழியெல்லாம் எங்களைத் திட்டிக்கொண்டே வந்தது.

போய்ச் சேர்ந்ததும் இடி இடித்தது. இடி கேட்டால் முட்டை கூமுட்டையாகிவிடும் என்று, அடை வைக்கும்போதே கூடையில் ஓர் இரும்புத் துண்டு போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அக்கா போட்டிருந்த ஆணி அவசரத்தில் எங்கோ விழுந்துவிட்டது. இடுப்பைத் துழாவினார். கிடைத்தது வீட்டுச் சாவி, திண்டுக்கல் பூட்டின் கனமான சாவி. அதைக் கோழிக்கு அடியில் செருகினார்.

மழை விட்டது, தண்ணீர் வடிந்தது. எல்லோரும் வீடு திரும்பக் கிளம்பினோம்.

“சாவிய எடு சவரி, போயி சேறு வழிக்கலாம்” என்றார் மாமா.

“பொரிக்கிற வரைக்கும் இரும்ப எடுக்கக் கூடாது.”

மாமா தாமே கையை விட்டார். கோழி கொத்தியதில் கட்டைவிரலில் ரத்தம். “ரெண்டும் ஒண்ணுதான்” என்று முனகியபடி பூட்டை உடைக்கச் சுத்தியலோடு ஊருக்குப் போனார்.

சாயங்காலம் திரும்பியவர், “நல்ல பூட்டு, உடையல. அவசரமில்ல, பொரிக்கட்டும்” என்றார். அப்புறம் சாவிப் பேச்சையே எடுக்கவில்லை; நாங்கள் வீடு திரும்பிய பிறகும் இருவரும் பள்ளிக்கூடத்திலேயே தங்கினார்கள். கோழிக்கு நொய் போட்டதும் அவர்தான். மாமாவைக் கோழியும் அடக்கிவிட்டது என்று நாங்கள் சிரித்தோம். வகுப்பு தொடங்க வேண்டும் என்று தலைமை ஆசிரியர் கெஞ்சியதால் கூடை சத்துணவுக் கூடத்துக்குக் குடிபோனது.

ஒரு முட்டைகூடக் கூமுட்டை இல்லை. அக்கா சாவியைத் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டு, கூடையோடு பெருமையாகத் தெருவுக்கு வந்தார். பூட்டு பத்திரமாகத் தொங்கியது. கதவைத் திறந்தார். உள்ளே நேராக வயல் தெரிந்தது. பின்சுவர் முழுவதும் விழுந்து, பாத்திரம் பண்டம் எல்லாம் போயிருந்தன.

“பூட்டு உடையலன்னியே.”

“உடைக்கவே இல்ல. பின்பக்கம் போயி பாத்துட்டேன். குஞ்சப் பாத்து நீ சிரிச்சதும் சொல்லிக்கலாம்னு இருந்தேன்.”

அன்றைக்கு மட்டும் அக்கா சண்டை போடவில்லை. கூடையை நடுவீட்டில் இறக்கினார். குஞ்சுகள் வயலைப் பார்த்து ஓடின. மாமா அவசரமாகப் போய், சுவர் இருந்த இடத்தில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு உட்கார்ந்தார்.